கோம்பை நாய் வளர்க்கப் போகிறீர்களா? கெட்ட பெயரின் கதையும், குட்டியிலிருந்து செய்ய வேண்டியதும்

"என்ன மாப்ள, நாய் வளக்குறியா, சிங்கம் வளக்குறியா?"

கேட்டவர் என் தாய்மாமா. கேட்ட நேரத்தில் அவர் வேட்டியின் ஒரு முனை செவந்தியின் வாயில் இருந்தது. செவந்தி எங்கள் வீட்டுக் கோம்பைப் பெட்டை. அப்போது ஒன்பது மாதம். மாமா வழக்கம்போல வெளிக்கேட்டைத் தானே திறந்துகொண்டு, கையில் மஞ்சப்பையோடு விறுவிறுவென்று உள்ளே வந்திருக்கிறார். நாய் வேப்ப மரத்தடியில் சங்கிலியில்தான் இருந்தது. சங்கிலி எவ்வளவு தூரம் வரும் என்பதை மாமா தப்பாகக் கணித்துவிட்டார். கெண்டைக்காலில் ஒரு கீறல், லேசாக ரத்தம். நாலு தடவை ஊசிக்கு அலைந்தார். "கோம்பைன்னா கடிக்காம என்ன செய்யும்" என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு.

அன்று நடந்ததில் முக்கால்வாசித் தப்பு என்னுடையது. அது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்திலும் அதற்குப் பிறகான ஆறு வருடத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், சின்னக் காம்பவுண்டு வீடு. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர் எப்படிக் கெட்டது

கோம்பை என்பது தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். 1996-இல் தேனி தனி மாவட்டம் ஆகும்வரை அந்தப் பக்கம் முழுக்க மதுரை மாவட்டம்தான். அண்ணாந்து பார்த்தால் ராமக்கல்மேடு, மலையைத் தாண்டினால் கேரளம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்து ஊர். காட்டுப்பன்றி இன்றைக்கும் தோட்டத்தில் இறங்குகிற இடம். அந்தக் காலத்தில் பன்றியை மடக்கவும், ஜமீன் வாசலிலும் தோட்டத்திலும் காவல் கிடக்கவும் வளர்த்த நாய் இது. பாளையக்காரர் காலத்து வீரக் கதைகளும் இதன்மேல் நிறைய உண்டு. குட்டி விற்பவர்கள் முதலில் அவிழ்த்துவிடுவது அந்தக் கதைகளைத்தான்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடம்பு, நீண்ட கால். கண்ணால் பார்த்து ஓடித் துரத்தும் நாய்கள். முயலுக்கு அது போதும். பன்றிக்குப் போதாது. ஓடிப் பிடித்தபின் விடாமல் நிற்க வேண்டும், குத்து வாங்கினாலும் பின்வாங்கக் கூடாது. கோம்பைக்கு அந்த ஓட்டக்கார நாய்களைவிட உயரம் குறைவு, நெஞ்சு அகலம், தாடை பலம். நிறம் செவலை, முகவாய் கறுப்பு. கிராமத்தில் 'கருவாய்ச் செவலை' என்பார்கள். காவல் வேலைக்கு இன்னொரு குணம் வேண்டும்: தெரியாத ஆளை நம்பாமல் இருப்பது. இந்த இரண்டையும் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்துவிட்டு, இன்றைக்குக் குடியிருப்புக் காலனியில் கொண்டுவந்து வைத்து, 'ஏன் விருந்தாளியைப் பார்த்து உறுமுகிறது' என்று கேட்கிறோம்.

குட்டி வாங்கப் போனபோது கோம்பையில் ஒரு பெரியவர் சொன்னது இது: "இந்த நாய்க்குக் கோவம் கெடையாது தம்பி. சந்தேகந்தேன்." அப்போது அதை நான் சும்மா பேச்சு என்று விட்டுவிட்டேன். கோபக்கார நாய்க்கும் சந்தேகக்கார நாய்க்கும் வளர்ப்பு முறையே வேறு. சந்தேகப்படுகிற நாய்க்கு யார் நம்ம ஆள், யார் இல்லை என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அது தானாக ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். அந்தப் பட்டியலில் வீட்டில் சோறு போடுகிற நாலு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

மூர்க்கம் ஏற்ற என்று நம் பக்கம் சில பழக்கங்கள் வேறு. காதை அறுத்துவிடுவார்கள். இருட்டு அறையில் அடைப்பார்கள். பச்சைக் கறி போட்டால் வெறி ஏறும் என்பார்கள். கறி தின்பதால் எந்த நாய்க்கும் வெறி ஏறாது. காதறுப்பு சித்திரவதை, போதாததற்கு, அடுத்த நாய்க்கும் நமக்கும் அது மனநிலையைக் காட்டுகிற கருவியையே பிடுங்கிவிடுகிறோம். இருட்டறையிலிருந்து வருகிற நாய் பயந்த நாய். ஓட வழியில்லாத இடத்தில் பயந்த நாய் கடிக்கத்தான் செய்யும்.

தடைப் பட்டியல் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு சில வகை நாய்களை ஆபத்தானவை என்று குறித்து மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர் போன்றவை அதில் இருந்தன. கோம்பையோ ராஜபாளையமோ இல்லை. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. இன்னொரு பக்கம், 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். அதைக் கேட்டு ஆசைப்பட்டு வாங்கி, ஆறாம் மாதம் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு இது ஆகுமா

வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிற வீடா? மாடியில் டியூஷன், கீழே தையல் கடை, நாளுக்கு முப்பது பேர் வந்து போகிறார்களா? அப்படியென்றால் வேண்டாம். அபார்ட்மென்ட்டில் வளர்க்க முடியும், ஆனால் லிஃப்டும் குறுகிய நடையும் இந்த நாய்க்குத் தினசரிச் சோதனை. காலையும் மாலையும் தலா முக்கால் மணி நேரம் நடக்கக் கூட்டிப் போக வீட்டில் ஆள் யார் என்று பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. முன்னால் நாய் வளர்த்தே பழக்கமில்லாதவர்கள் முதல் நாயாக இதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: குட்டியைப் பார்க்காதீர்கள், தாயைப் பாருங்கள்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் நிதானமாகப் போய்ச் சேரலாம். நேரில் போங்கள். வாட்ஸாப்பில் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். செவலை நிறத்தில் கறுப்பு முகவாய் தெருநாய்க் குட்டிக்கும் உண்டு. எட்டு வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அனுபவப்பட்டவர்களே ஏமாறுவார்கள். ஊர்க் குட்டிக்குப் பெரும்பாலும் பத்திரம் எதுவும் இருக்காது. தாயும் தகப்பனும்தான் பத்திரம்.

தாய் நாயைச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போது பாருங்கள். நீங்கள் உள்ளே வந்ததும் எழுந்து குரைக்கட்டும், அது அதன் வேலை. சொந்தக்காரர் "ஏய், இரு" என்றதும் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. தள்ளிப் போய் உட்கார்ந்து உங்களையே கவனித்துக்கொண்டிருந்தால் நல்ல நாய். சொல் காதில் ஏறாமல் பாய்ந்துகொண்டே இருந்தால், அல்லது வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு மூலையிலிருந்து உறுமினால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பயந்த தாயிடம் வளர்ந்த குட்டிக்கும் அந்தப் பயம் தொற்றும்.

பிறகு குட்டிகள். தள்ளியிருந்து உட்கார்ந்து ஒரு சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாம் திடுக்கிடும். கொஞ்ச நேரத்தில் 'என்ன அது' என்று மூக்கை நீட்டி வருகிற குட்டியை எடுங்கள். முதலில் பாய்ந்து வந்து மற்றதையெல்லாம் தள்ளுகிற குட்டியை எல்லோரும் 'வீரன்' என்று எடுப்பார்கள். அனுபவமில்லாத வீட்டில் அதுதான் தலைவலி. கடைசிவரை வராத குட்டியும் வேண்டாம்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. முப்பது நாளில் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கடிக்கும் வேகத்தை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வதே கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரளும்போதுதான். பலமாகக் கடித்தால் மற்றது 'கீச்' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டிக்கு அதை நம் கையில்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

கடுவனா பெட்டையா என்பார்கள். சந்தேக குணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை. கருத்தடை செய்தால் ஊர் சுற்றல் குறையும். சந்தேகம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: பதினான்கு வாரத்துக்குள் மதுரையைக் காட்டிவிடுங்கள்

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். நாய்க்குட்டி உலகத்தைப் 'பரவாயில்லை' என்று ஏற்றுக்கொள்கிற காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான். அந்தக் கதவு மூடியபின் பார்க்கிற புது விஷயம் ஒவ்வொன்றும் சந்தேகக் கணக்கில் சேரும். எல்லா நாய்க்கும் இது பொருந்தும், கோம்பைக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

சிக்கல் என்னவென்றால் அதே காலத்தில்தான் தடுப்பூசியும் முடிந்திருக்காது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் குட்டியைக் கொண்டுபோய்விடும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து, மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு வருடாவருடம். தேதியை உங்கள் கால்நடை மருத்துவர் குறித்துத் தருவார். அதுவரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே காட்டுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், பாதி மதுரை கடந்து போய்விடும்.

காட்ட வேண்டியவை: ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பர்தா போட்டவர், ஊன்றுகோல் வைத்த பாட்டி, சட்டை போடாத ஆள், தலையில் பானை சுமப்பவர், பள்ளி விட்டு ஓடிவருகிற பிள்ளைகள், ஷேர் ஆட்டோ, குக்கர் விசில், மிக்சி, கொட்டுச் சத்தம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு. பயந்தால் தள்ளிப் போங்கள், கிட்டே இழுக்காதீர்கள். 'பழகட்டும்' என்று பயந்த குட்டியை நாலு பேர் கையில் மாற்றி மாற்றிக் கொடுப்பது எதிர்மாறான பாடத்தைத்தான் கற்றுத் தரும்.

செவந்தியை நாங்கள் நான்கு மாதம்வரை கேட்டுக்கு வெளியே கொண்டுபோகவில்லை. 'மத்தவங்க கை பட்டா காவல் காக்காது' என்று யாரோ சொன்னதை நம்பினோம். உண்மை நேரெதிர். எல்லா வகை மனிதர்களையும் பார்த்து வளர்ந்த நாய்க்குத்தான் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். யாரையுமே பார்க்காத நாய்க்கு எல்லோருமே திருடர்கள்.

தாமதமாகிவிட்டதா? நாய் வளர்ந்துவிட்டதா? முடியும், நாள் பிடிக்கும். நாங்கள் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். விடுமுறை நாளில் தாமரைக் குளத்துப் பக்கம் கூட்டம் வரும். ஆலமரத்துக்கு வெகு தள்ளி, ஆள் புள்ளியாகத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து ஈரல் கொடுத்தோம். வாரத்துக்குப் பத்தடி முன்னேறினோம். சில வாரம் பின்னேறினோம். நாலு மாதம் கழித்து, நடக்க வருகிறவர்கள் ஐந்தடியில் கடந்து போனால் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குத்தான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும்.

நான்காம் படி: சங்கிலியைக் கழற்றுங்கள்

அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "எங்கூருல நாயக் கட்டிப்போட்டு வளக்க மாட்டோம். கட்டிப்போட்டா அதுக்குக் கயிறு தெரியும், வீடு தெரியாது."

சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிடிக்காத ஆள் வந்தால் நாய்க்கு மூன்று வழி உண்டு: விலகிப் போகலாம், எச்சரிக்கலாம், கடிக்கலாம். சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. தபால்காரர் வருகிறார், நாய் பாய்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார். நாய்க்கு அது தெரியாது. 'பாய்ந்தேன், போய்விட்டான்' என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கேட்டைத் தாண்டினால் எட்டு வெற்றி. ஒரு வருடத்தில் அது எத்தனை முறை பயிற்சி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மாமா வந்தது இந்தப் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு.

சட்டமும் இதைத் தொடுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், அளவுக்கு மீறிய நேரம் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம்.

அவிழ்த்துவிடுங்கள் என்றால் தெருவில் விடுங்கள் என்று அர்த்தமில்லை. காம்பவுண்டுக்குள், தெருவைப் பார்க்காத பக்கம். எங்கள் வீட்டில் பின்கட்டுக்கும் முன்வாசலுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்குக் கம்பிவலைக் கதவு ஒன்று வைத்தோம், பிறகு அதை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினோம். ஏன் ஏற்றினோம் என்று சொல்லத் தேவையில்லை.

இடையில் பயிற்சியாளர் ஒருவரை அழைத்தோம். வந்தவர் முதல் நாளே பிரம்பை எடுத்தார். உறுமும்போது அடிக்கச் சொன்னார். பத்தே நாளில் உறுமல் நின்றது, எங்களுக்குச் சந்தோஷம். பதினோராம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் கையை நீட்டியபோது உறுமாமலே பற்களைப் 'டக்'கென்று காற்றில் மூடியது. உறுமல் என்பது நாய் தருகிற நோட்டீஸ். அதை அடித்து நிறுத்தினால் நோட்டீஸ் இல்லாமல் நடவடிக்கைதான் வரும். பயிற்சியாளரை நிறுத்திவிட்டோம்.

ஐந்தாம் படி: வெளிக்கேட்டும் விருந்தாளியும்

காலிங் பெல் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பால் பை, தபால் பெட்டி எல்லாம் வெளியே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்கு மீட்டர், நாய் இருக்கும் பக்கம் வராமல் தெரிய வேண்டும். கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் ஒன்று, கை எட்டாத உயரத்தில். சொந்தக்காரர்கள்தான் முக்கியமாக அதற்குக் காரணம். 'நாய் ஜாக்கிரதை' போர்டு வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291-ஆவது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

அடுத்தது சாக்கு. ஆமாம், அரிசிச் சாக்கு. அதை மடித்துத் திண்ணைப் பக்கம் போட்டு, நாய் அதன்மேல் நாலு காலும் வைத்தால் ஈரல். படுத்தால் இன்னும் ஒன்று. 'சாக்கு' என்றதும் போய்ப் படுக்கிற அளவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் கோம்பை சலித்துக்கொண்டு எழுந்து போய்விடும், ஒரே வேலையைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் 'உனக்கென்ன பைத்தியமா' என்பதுபோல் பார்க்கும். சாக்கில் உள்ள வசதி, அதைச் சுருட்டி ஊருக்கும் கொண்டுபோகலாம். வாசனை மாறாது, விதியும் மாறாது.

மாமாவை மறுபடி அறிமுகம் செய்தது இப்படித்தான். போனில் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். நாய் பெல்ட்டில், நான் பிடித்திருக்க, கேட்டுக்கு வெளியே தெருவில் சந்தித்தோம். அது அதன் எல்லை இல்லை என்பதால் பாதிப் பாரம் குறைவு. மாமாவிடம் சொன்னது மூன்றே விஷயம்: நாயைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், கையை நீட்டாதீர்கள். "நாயப் பாக்க வந்துட்டு நாயப் பாக்காம எப்புடிடா" என்று முனகினார். மூவரும் ஒரே திசையில் தெருமுனைவரை நடந்தோம், நான் நடுவில். திரும்பும்போது செவந்தி அவர் வேட்டியை மோந்து பார்த்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு மாமா முதலில் உள்ளே போய் உட்கார, நாய் பின்னால் வந்து சாக்கில் படுத்தது. இப்படி ஏழெட்டு முறை. எட்டாவது முறை அதுவே எழுந்து வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்தது. இன்றைக்கு மாமா வந்தால் செவந்தி எங்களை மதிப்பதில்லை.

எல்லோரிடமும் இந்த அளவு போக வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர் என்றால் நாயைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அது தோல்வி இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று வீடு நிறைந்த நாளில் நாயைப் பழக்கிக் காட்ட நினைப்பதுதான் வம்பு.

சின்னப் பிள்ளைகள் பற்றி ஒரே விதி: பெரியவர் கை எட்டுகிற தூரத்தில் இல்லாமல் நாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் கூடாது. எந்த நாயானாலும். வீட்டுப் பிள்ளையிடம் பஞ்சு மாதிரி இருக்கிற கோம்பை, அதே பிள்ளையோடு மல்லுக்கட்டி விளையாடுகிற பக்கத்து வீட்டுப் பையனை 'நம்ம பிள்ளையை அடிக்கிறான்' என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: உடம்பைப் படியுங்கள்

வாலாட்டினால் சிநேகம் என்பது பாதி உண்மை. தாழ்வாக, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சிநேகம். விறைப்பாக மேலே நிமிர்ந்து நுனி மட்டும் துடித்தால் அது வேறு. எனக்கு அதிகம் உதவியது வாயைப் பார்ப்பது. நம் ஊர் வெயிலில் நாய் எப்போதும் வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டுதான் இருக்கும். திடீரென்று வாய் மூடி, இரைப்பு நின்று, உடம்பு கல்லானால் இரண்டு மூன்று நொடிதான் நேரம். அதற்கு முன்பே உதட்டை நக்குவது, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது எல்லாம் வந்திருக்கும். அந்தக் கட்டத்தில் அதட்டாதீர்கள். பெயர் சொல்லித் திருப்பி, கூட்டிக்கொண்டு தள்ளிப் போங்கள்.

சாப்பாடு, வெயில், உண்ணி

சுருக்கமாக. சோறும் கறியும் முட்டையும் போதும்; கேழ்வரகு, கம்பு எதுவும் ஒத்துக்கொள்ளும். சமைத்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. கத்திரி வெயிலில் காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். உண்ணியை விட்டால் உண்ணிக் காய்ச்சல் வரும். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். நோவு இருக்கிற நாய் சிடுசிடுக்கும். நன்றாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினால் முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி.

வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலைப் பிடித்தாலும் குற்றம்தான். இந்த நாய்க்கு மூக்கு வேலை வேண்டும் என்றால் கொல்லையில் கருவாட்டுத் துண்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் களைத்துப் படுத்துவிடும்.

திருவிழா நாட்கள்

தீபாவளிக்கு ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு உள்ளறையில் ஒருவர் கூட இருந்தால் சமாளிக்கலாம். சித்திரைத் திருவிழா வேறு மாதிரி. சத்தத்தைவிட உருவம்தான் அதற்குப் பிரச்சினை.

மூன்று வருடம் முன்பு, அழகர் ஆற்றில் இறங்கும் நாளைக்கு முன்னால், எதிர்வீட்டுத் தம்பி வேஷம் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். தலையில் உருமால், இடுப்பில் சல்லடம், தோளில் தண்ணீர் பீய்ச்சும் துருத்தி. தினமும் பார்க்கிற பையன், செவந்திக்குப் பிஸ்கட் போடுகிறவன். செவந்தி எழுந்து நின்று வாயை மூடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "டேய், பேசு, பேர் சொல்லு" என்றேன். "ஏ செவந்தி, நாந்தேன்" என்றான். காது அசைந்தது, உடம்பு தளரவில்லை. குரல் ஒருவனுடையது, உருவம் வேறு ஒருவனுடையது. காற்று திரும்பி வாசனை வந்த பிறகுதான் வால் இறங்கியது. அடுத்த நொடியே துருத்தியை மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டுத்தோல் அல்லவா. வேஷத்தைக் காப்பாற்றுவது அவனுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அதிலிருந்து சித்திரை மாதம் முதல் வாரமே யாராவது ஒருவர் தலையில் துண்டைக் கட்டி, தோளில் பை மாட்டி கேட்டருகே நடந்துகாட்டுவோம். மழைக்கோட்டு, ஐயப்பன் மாலைக் கறுப்பு வேட்டி எல்லாவற்றுக்கும் இதே ஒத்திகை.

கடி நடந்துவிட்டால்

வீட்டு நாய், ஊசி போட்ட நாய், சின்னக் கீறல் என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். நேராக அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடுகிற ஊசி. முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டியிருக்கும். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எங்கே, நாய் எங்கே நின்றது, கடைசிப் பத்து நொடியில் என்ன நடந்தது. மாமாவுக்கு நடந்ததை எழுதிப் பார்த்தபோதுதான் கேட்டு, சங்கிலி, மஞ்சப்பை, விறுவிறு நடை நான்கும் ஒரே வரியில் வந்து நின்றன. நாலில் மூன்றை நான் சரிசெய்திருக்க முடியும். கடிபட்டவர் வீட்டுக்குப் போய் மருந்துச் செலவைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சட்டத்துக்காக மட்டும் இல்லை, நாளைக்கும் அதே தெருவில்தான் நாயோடு நடக்க வேண்டும்.

முடியவில்லை என்றால்

சில வீடுகளில் எல்லாம் செய்தும் ஒத்துவராது. வீட்டில் புதுக் குழந்தை, வேலை மாற்றம், வாடகை வீட்டுக்காரர். இரவோடு இரவாக நாகமலை அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோறு போட்ட கையைத் தவிர யாரையும் நம்பாத நாய் அங்கே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டமும் பழக்கமும் இருக்கிற ஒரே வீட்டுக்குக் கொடுங்கள், ஒரு மாதம் நீங்களும் போய் வந்து பழக்கிவிட்டு.

அதனால்தான் குட்டி வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: 'என்னால் முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?' நான் கேட்டபோது பெரியவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்தாமல், "கூட்டிட்டு வந்துரு தம்பி, இங்க எடங் கெடக்கு" என்றார். அவர் போன் நம்பர் இன்னமும் செவந்தியின் ஊசி அட்டைக்குப் பின்னால் எழுதி இருக்கிறது. மாமா கடிபட்ட வாரம் இரண்டு தடவை அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.